ஒரே ஸ்லாட் உள்ள சின்னப் பெட்டியில் மூன்று கார்டுகள்: விஎம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கோத்தகிரியில் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகம். மினி ஐடிஎக்ஸ் அளவில் பி550 மதர்போர்டு, ரைசன் 7 5700ஜி, 32 ஜிபி ராம், 450 வாட் பவர் சப்ளை. மேலே விஎம்களை ஓட்டும் மென்பொருளான புராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது. மூன்று விஎம் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினி) வேண்டும். வரைபட மென்பொருளுக்கு ஒரு விண்டோஸ், அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு இன்டர்நெட் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ரவுட்டர், அதற்கு நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டு. கேமரா பதிவும் கணக்குக் கோப்புகளும் வைக்க ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் சேமிப்பகம்), அதற்கு டிஸ்குகளை இணைக்கும் சாட்டா கார்டு. போர்டில் ஸ்லாட் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றையும் மாட்ட வழி உண்டா, இல்லை பெரிய பெட்டிக்குப் போக வேண்டுமா?

பெரிய பெட்டி வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற ஸ்லாட் ஒன்று என்றாலும், இந்தப் போர்டில் பிசிஐஇ (கார்டுகளைப் போர்டோடு இணைக்கும் அதிவேகப் பாதை) சாதனம் உட்காரக்கூடிய இடங்கள் நான்கு இருக்கின்றன: 16 பாதைகள் கொண்ட நீள ஸ்லாட், முன்பக்க எம்.2 (பட்டையான எஸ்எஸ்டி செருகும் சிறிய ஸ்லாட்), போர்டின் முதுகுப்பக்கத்தில் இன்னொரு எம்.2, வைஃபை கார்டு இருக்கும் குட்டி எம்.2. எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை முடிவு செய்வது ஸ்லாட்டின் நீளமோ வேகமோ அல்ல, ஐஓஎம்எம்யூ குரூப்.

ஒரு கார்டை விஎம்மிடம் முழுதாக ஒப்படைத்தால், அந்தக் கார்டு ராமில் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று காவல் காப்பது ஐஓஎம்எம்யூ. இரண்டு சாதனங்கள் அந்தக் காவலைத் தாண்டாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ள வாய்ப்பிருந்தால், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இரண்டையும் ஒரே குரூப்பில் போட்டுவிடும். ஒரே குரூப்பில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. கொடுத்தால் குரூப் மொத்தமும் அந்த விஎம்முக்குப் போகும், ஹோஸ்ட் (புராக்ஸ்மாக்ஸ் ஓடும் மூலக் கணினி) அவற்றை இழந்துவிடும்.

இனி உங்கள் போர்டைப் பாருங்கள். நீள ஸ்லாட்டும் முன்பக்க எம்.2வும் நேராக பிராசசரிலிருந்து வருகின்றன. முதுகுப்பக்க எம்.2, வைஃபை இடம், போர்டிலேயே உள்ள நெட்வொர்க் போர்ட், சாட்டா போர்ட்கள், யூஎஸ்பியில் ஒரு பகுதி ஆகியவை பி550 சிப்செட் (போர்டில் உள்ள துணைச் சிப்) வழியாக வருகின்றன. பி550 போர்டுகளில் இந்தச் சிப்செட் கூட்டம் முழுவதும் வழக்கமாக ஒரே குரூப்பில் விழும். ஆகவே முதுகுப்பக்க எம்.2வில் சாட்டா கார்டைச் செருகி நாஸுக்குக் கொடுத்தால், நாஸ் எழும் அதே நொடியில் ஹோஸ்டின் நெட்வொர்க் போய்விடும். புராக்ஸ்மாக்ஸின் வலைப்பக்கம் திறக்காது, திரையும் கீபோர்டும் கொண்டுபோய்த்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், முன்பக்க எம்.2 வேகமானது என்று புராக்ஸ்மாக்ஸ் இருக்கும் எஸ்எஸ்டியை அங்கே வைத்துவிட்டு, மிச்சமுள்ள பின்பக்க எம்.2வைக் கார்டுக்கு விடுகிறார்கள். விஎம் ஹோஸ்டுக்கு இது நேர்மாறாக இருக்க வேண்டும். ஹோஸ்டின் எஸ்எஸ்டியை யாருக்கும் ஒப்படைக்கப் போவதில்லை, அது எந்தக் குரூப்பில் இருந்தாலும் கவலை இல்லை. அதைப் பின்னால் கொண்டுபோங்கள். பிராசசரிலிருந்து நேராக வரும் முன்பக்க எம்.2 ஒப்படைக்க வேண்டிய கார்டுக்கு. வேகத்திலும் நஷ்டம் கிடையாது. 5700ஜி கொடுப்பது பிசிஐஇ 3.0 மட்டுமே, முன்பக்க எம்.2வில் 4.0 என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தாலும் இந்தப் பிராசசருக்கு அது கிடைக்காது.

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துவிடலாம், காசு செலவில்லை. பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு மெனு) எஸ்விஎம்மை, அதாவது விஎம் ஓட்டும் வசதியை, இயக்குங்கள். ஐஓஎம்எம்யூ 'ஆட்டோ' என்று இருந்தால் அதை 'எனேபிள்டு' ஆக்குங்கள். முன்பக்க எம்.2வில் ஏதாவது ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியை மாட்டி, புராக்ஸ்மாக்ஸில் ஒரு விஎம்மின் ஹார்டுவேர் பக்கத்துக்குப் போய், பிசிஐ சாதனம் சேர்க்கும் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் பக்கத்தில் குரூப் எண் இருக்கும். அந்த எஸ்எஸ்டிக்குத் தனி எண் இருந்தால், நாளை அதே இடத்தில் மாட்டும் கார்டுக்கும் தனி எண்தான். சில போர்டுகளில் 5700ஜி போன்ற ஜி வகைப் பிராசசர்களோடு குரூப்கள் கலந்து வரும். அப்போது பயாஸில் ஏஎம்டி சிபிஎஸ் மெனுவுக்குள் என்பிஐஓ பகுதியில் ஏசிஎஸ் (சாதனங்கள் தங்களுக்குள் நேராகப் பேசுவதைத் தடுக்கும் வசதி) என்ற அமைப்பைத் தேடி இயக்கினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஏசிஎஸ் ஓவர்ரைடு என்று ஒரு கர்னல் அமைப்பும் உண்டு. புராக்ஸ்மாக்ஸ் கர்னலில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கினால் எல்லாம் தனித்தனிக் குரூப் ஆகத் தெரியும். உண்மையில் எதுவும் பிரியவில்லை, பிரிந்ததாகக் கர்னலிடம் சொல்கிறோம், அவ்வளவுதான். வீட்டில் விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் போடலாம். தொழிற்சாலைக் கணக்கு இருக்கும் மெஷினில், அதுவும் இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் ரவுட்டர் விஎம் உள்ள மெஷினில், போட வேண்டாம்.

இப்போது கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் நெட்வொர்க் கார்டு, ஏனென்றால் அது தேவையே இல்லை.

மலையில் உங்களுக்கு வருவது 100 முதல் 300 எம்பிபிஎஸ் வரையான ஃபைபர் ஒன்றும், அது அறுந்தால் ஓட ஒரு 4ஜி ரவுட்டரும். இந்த வேகத்துக்கு விஎம்முக்குத் தனிக் கார்டை ஒப்படைக்க வேண்டியதில்லை, விர்டியோ (விஎம்முக்கு மென்பொருளால் உருவாக்கும் கார்டு) நெட்வொர்க் தாராளமாகத் தாங்கும். போர்ட் எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் அதை விலான் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்குகளை எண் வைத்துப் பிரிப்பது) தீர்க்கும். எட்டு போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். ஃபைபர் பெட்டி வரும் போர்ட்டை விலான் 10இல் வையுங்கள், 4ஜி ரவுட்டர் வரும் போர்ட்டை விலான் 20இல், அலுவலகப் போர்ட்களை விலான் 30இல். கணினிக்குப் போகும் ஒரு போர்ட்டில் மூன்றும் டேக்கோடு (விலான் எண்ணோடு) போகட்டும். புராக்ஸ்மாக்ஸில் பிரிட்ஜுக்கு (விஎம்களை நெட்வொர்க் போர்ட்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) விலான் அவேர் என்பதை டிக் செய்து, ஹோஸ்டின் சொந்த முகவரியையும் விலான் 30க்கு மாற்றி, ரவுட்டர் விஎம்முக்கு மூன்று விர்டியோ கார்டுகளை 10, 20, 30 என்ற டேக்குகளோடு கொடுத்தால் வேலை முடிந்தது. ஹோஸ்டின் முகவரியை மாற்றும்போது மட்டும் திரையும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். சுவிட்சும் ஹோஸ்டும் ஒரே நேரத்தில் மாறாவிட்டால் நடுவில் தொடர்பு அறும். ரவுட்டர் மென்பொருளாக ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் போடுகிறீர்கள் என்றால் அதன் அமைப்புகளில் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் பிங் போகும், ஆனால் வலைப்பக்கங்கள் திறக்காமல் தவிக்கும். கேபிளையும் சுவிட்சையும் சந்தேகப்பட்டு ஒரு நாள் வீணாகும்.

விலான் வேண்டாம், தனிப் போர்ட்தான் வேண்டும் என்றால் வைஃபை இடத்தில் மாட்டும் 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் மாட்யூல் கிடைக்கிறது. ஏ+ஈ கீ என்று கேட்டு வாங்க வேண்டும். அது சிப்செட் குரூப்பில்தான் இருக்கும், ஒப்படைக்க முடியாது. பிரிட்ஜில் சேர்த்தால் போதும். இன்டெல் போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில போர்டுகளில் வைஃபை இடம் சிஎன்விஐ (இன்டெலின் சொந்த வைஃபை இணைப்பு) மட்டும்தான், பிசிஐஇ பாதையே அங்கே வராது.

சாட்டா கார்டு. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாஸை விஎம்மாக வைத்துத்தான் ஆக வேண்டுமா என்பது முதல் கேள்வி. புராக்ஸ்மாக்ஸே இசட்எஃப்எஸ் என்ற டிஸ்க் சேமிப்பு முறையை நேரடியாகக் கையாளும். டிஸ்குகளை ஹோஸ்டிலேயே விட்டு, ஒரு சின்ன கன்டெய்னரில் (விஎம்மைவிட இலகுவான தனி அறை) சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் போட்டு ஃபோல்டரைப் பகிர்ந்தால் கார்டே வேண்டாம், ராமும் மிச்சம். ஆனால் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளின் முகப்பு பழகிவிட்டது, அலுவலகத்தில் வேறு யாரும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் விஎம் நியாயமானதுதான். அப்போது டிஸ்குகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் அவற்றை இயக்கும் கன்ட்ரோலரையே (சாட்டா கார்டையே) கொடுக்க வேண்டும். தனி டிஸ்காகக் கொடுத்தால் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவல் விஎம்முக்குத் தெரியாது, டிஸ்க் சாகப்போகிறது என்ற எச்சரிக்கை வராது.

உங்கள் பெட்டிக்கு முன்பக்க எம்.2வில் உட்காரும் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஆறு போர்ட் கார்டு பொருத்தம். பிசிஐஇ 3.0இல் இரண்டு பாதைகள் எடுக்கும், ஏறத்தாழ நொடிக்கு 2 ஜிபி. நான்கு சுழலும் டிஸ்குகள் சேர்ந்தாலும் அதை நிரப்பாது. எல்எஸ்ஐ 9211, 9300 மாதிரியான சர்வர் கார்டுகள் பழைய பொருள் விலைக்குக் கிடைக்கின்றன, தரமும் உறுதியும் அதிகம். ஆனால் சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தவை. சின்னப் பெட்டியில் சும்மா மாட்டினால் சிப் கொதிக்கும், பளு ஏறும்போது டிஸ்குகள் திடீரென்று காணாமல் போகும். அதன் ஹீட்சிங்க் மேல் 40 மிமீ விசிறி ஒன்றைத் திருகாமல் அந்தக் கார்டை இந்தப் பெட்டிக்குள் விடக்கூடாது.

எம்.2 சாட்டா கார்டின் பலவீனம் அதன் உடம்பு. 22 மிமீ அகலமும் 80 மிமீ நீளமும் உள்ள மெல்லிய பலகை, ஒரு பக்கம் ஸ்லாட், மறுபக்கம் ஒரே திருகு. போர்டில் மாட்டிய பிறகு ஆறு கேபிளையும் அழுத்திச் செருகினால் நடுவில் வளைந்து சால்டர் விடும். கேபிள்களை முதலில் கார்டில் செருகி, பிறகு கார்டை மாட்டுங்கள். கேபிள்கள் பூட்டும் கிளிப் உள்ளவையாக, மெல்லியவையாக இருக்கட்டும். வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுத்து, எம்.2வுக்கு மேலே கிராஃபிக்ஸ் கார்டின் முதுகோ பிராசசர் விசிறியோ எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு நீள ஸ்லாட்டில் தனியாக இருக்கட்டும். வரைபட மென்பொருளுக்கு என்விடியா டி400 அல்லது டி1000 போதும். டி400 30 வாட், டி1000 50 வாட் எடுக்கும். இரண்டும் ஒற்றை ஸ்லாட் தடிமன், குட்டை உயரம், தனி மின்கேபிள் வேண்டாம். பெட்டியின் பின்பட்டை குட்டையா முழு உயரமா என்று பார்த்து அதற்கான தகடு கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் பல போர்டுகள் பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். அப்படியானால் ஹோஸ்டின் திரை இந்தக் கார்டுக்குத் தாவும், ஒப்படைக்கும்போது சிக்கல் வரும். பயாஸில் உள்ளமைந்த கிராஃபிக்ஸைக் கட்டாயமாக இயக்கி, முதல் திரை அதுதான் என்று அமையுங்கள். சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் முறை) அணையுங்கள், 'அபவ் 4ஜி டீகோடிங்' (4 ஜிபிக்கு மேலுள்ள முகவரிகள், மொபைல் 4ஜி அல்ல) என்பதை இயக்குங்கள். விஎம்மை க்யூ35 வகையாகவும் ஓவிஎம்எஃப் பயாஸோடும் உருவாக்குங்கள். கார்டோடு அதன் எச்டிஎம்ஐ ஆடியோவும் சேர்ந்தே போக வேண்டும், ஆல் ஃபங்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் போகும். என்விடியா கார்டுகள் விஎம்மில் கோடு 43 என்ற பிழையைக் காட்டும் என்ற பழைய பயம் இனி வேண்டாம். 2021இல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து அந்தத் தடை எடுக்கப்பட்டுவிட்டது.

ஆக, மூன்று கார்டு என்று தொடங்கியது இரண்டாகி, இரண்டும் பிராசசரின் நேரடிப் பாதையில் உட்கார்ந்துவிட்டன.

இதற்கு மேலும் உண்மையிலேயே மூன்று முழுக் கார்டுகள் வேண்டும் என்பவர்களுக்கு பைஃபர்கேஷன். நீள ஸ்லாட்டின் 16 பாதைகளை 8, 4, 4 ஆகப் பிரிப்பது. 5700ஜி இதைச் செய்யும், ஆனால் பயாஸ் மெனுவில் அந்த அமைப்பு இருக்க வேண்டும். போர்டின் கையேட்டை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ரைசர் (ஸ்லாட்டை நீட்டி அல்லது பிரித்துத் தரும் இணைப்பு) வாங்க வேண்டும். மெனு இல்லாத போர்டில் பிரிக்கும் ரைசரை மாட்டினால் முதல் கார்டு மட்டும் தெரியும், மற்றவை இல்லாதது போலவே இருக்கும். பிராசசரைப் பொறுத்தும் இது மாறும்: இன்டெல் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வரிசை 8, 8 என்று மட்டுமே பிரியும், ரைசன் 8700ஜி நீள ஸ்லாட்டுக்கு மொத்தமே 8 பாதைகள்தான் தருகிறது. பைஃபர்கேஷன் இல்லாத போர்டுக்கு சுவிட்ச் சிப் உள்ள கார்டுகள் உண்டு. அவை எந்தப் போர்டிலும் வேலை செய்யும். ஆனால் ஏசிஎஸ் இல்லாத மலிவான சுவிட்சாக இருந்தால் அதன் கீழுள்ள எல்லாம் ஒரே குரூப், பாஸ்த்ரூவுக்கு (கார்டை விஎம்மிடம் ஒப்படைப்பதற்கு) உதவாது.

எம்.2விலிருந்து முழு ஸ்லாட்டாக மாற்றும் அடாப்டரும் இருக்கிறது. எம்.2 கொடுப்பது 3.3 வோல்ட் மட்டும். கார்டுக்கு வேண்டிய 12 வோல்ட் தனிக் கேபிளில் வர வேண்டும். சாட்டா மின் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைகள், முனைக்கு 1.5 ஆம்ப், ஆக 54 வாட். ஒரு ஸ்லாட் 75 வாட் வரை எடுக்கலாம் என்று நம்பி வடிவமைத்த கார்டை இந்த வழியில் ஓட்டினால் இணைப்பு உருகும், வார்ப்பு வகைக் கனெக்டராக இருந்தால் தீயே பிடிக்கலாம். இந்த அடாப்டரில் நெட்வொர்க், சாட்டா கார்டுகள் மட்டும். 4.0 தரும் பிராசசரில் நீளமான ரைசர் கேபிள் போட்டால் பயாஸில் அந்த இடத்தை 3.0 வேகத்துக்கு நிறுத்திவையுங்கள். கர்னல் பதிவில் பிசிஐஇ பிழை திருத்தப்பட்டது என்ற வரிகள் ஓடிக்கொண்டே இருந்தால் கேபிளைக் குறைக்க வேண்டும் அல்லது வேகத்தை இன்னும் ஒரு படி இறக்க வேண்டும்.

மாட்டும் நாளில் வரிசை முக்கியம். கார்டைத் தொடும் முன், எல்லா விஎம்மின் தானியங்கித் தொடக்கத்தையும் அணைத்துவிடுங்கள். புதுக் கார்டு வந்ததும் பிசிஐ முகவரி எண்கள் நகர்ந்துவிடும். நேற்று கிராஃபிக்ஸ் கார்டின் எண்ணாக இருந்தது இன்று நெட்வொர்க் போர்ட்டின் எண்ணாக இருக்கலாம். பழைய அமைப்போடு விஎம் தானாக எழுந்தால் அதைப் பிடுங்கிக்கொள்ளும். இதே காரணத்தால் நெட்வொர்க் போர்ட்டின் பெயரும் மாறும், 'கார்டு மாட்டியதும் புராக்ஸ்மாக்ஸ் செத்துவிட்டது' என்ற புலம்பல்களில் பாதி இதுதான். மெஷின் நன்றாகவே இருக்கும், பிரிட்ஜ் மட்டும் இல்லாத போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும். சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் பகுதி) லிங்க் கோப்பில் போர்ட்டின் மாறாத எண்ணான மேக் முகவரியை வைத்து ஒரு நிலையான பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. பிறகு மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ராமைப் பற்றி ஒன்று. கார்டு ஒப்படைத்த விஎம் தன் ராம் மொத்தத்தையும் தொடக்கத்திலேயே பிடித்துப் பூட்டிவிடும், பலூனிங் (ராமைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது) அங்கே செல்லாது. விண்டோஸுக்கு 16, நாஸுக்கு 8, ரவுட்டருக்கு 2, ஹோஸ்டுக்கு 4 என்றால் 30 ஆகிவிட்டது. உங்கள் 32 ஜிபியில் மூச்சு முட்டும். ஸ்லாட் இரண்டுதான் என்பதால் கூட்ட முடியாது, இரண்டு 32 ஜிபியாக மாற்ற வேண்டும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நெட்வொர்க் கார்டுக்கானதை இதற்குத் திருப்புங்கள்.

மலைக்கே உரிய சில விஷயங்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச்செல்லும் வெப்பம் குறைகிறது. குளிர்ந்த காற்று அதை ஈடுகட்டிவிடும், ஆனால் காற்று நேராகப் படாத எம்.2 கார்டுக்கும் அடைப்பட்ட மூலைகளுக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஊட்டியில் வைப்பவர்கள் பவர் சப்ளையின் லேபிளையும் பார்க்க வேண்டும்: சில வகைகள் 2,000 மீட்டர் வரைக்கும், சில 5,000 மீட்டர் வரைக்கும் சான்று பெற்றவை. கோத்தகிரியும் குன்னூரும் 2,000க்குக் கீழே.

குளிரைவிட ஈரம்தான் எதிரி. கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் அறைக்குள் புகுந்து நிற்கும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். வாரக்கணக்கில் அணைத்துவைத்ததுதான் முனைகளில் படலம் கட்டும். கார்டின் தங்கமுலாம் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பள்ளி ரப்பரால் தேய்த்தால் துகள் ஸ்லாட்டுக்குள் போகும், முலாமும் தேயும். குளிரில் கிடந்த பார்சலை வெதுவெதுப்பான அறையில் உடனே பிரித்தால் கார்டில் நீர் கோக்கும். உறையோடு சில மணிநேரம் விட்டுப் பிரியுங்கள். ஜனவரியின் உறைபனி நாட்களில் காற்று வறண்டிருக்கும், அப்போது கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு கார்டைத் தொடுங்கள். தொழிற்சாலைக்குள் இடம் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், இலை வாட்டும் தளத்தின் ஈரக்காற்றும் தூள் சலிக்கும் அறையின் பஞ்சுத்தூசியும் வராத அறையாகப் பாருங்கள். அந்தத் தூசி ஹீட்சிங்கில் படிந்து ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்று உள்ளே வரும் பக்கம் வலையும், மாதம் ஒருமுறை அதைத் தட்டிச் சுத்தம் செய்வதும் அவசியம்.

மரம் விழுந்து மின்கம்பி அறுவது மழைக்காலத்தில் வழக்கம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் நாஸ் விஎம் வேண்டாம். கார்டு ஒப்படைத்த விஎம்மை ராமோடு சேர்த்து உறங்கவைக்க முடியாது. ஒழுங்காக மூடத்தான் வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். யுபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்து ஹோஸ்டில் நட் என்ற யுபிஎஸ் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, பேட்டரி பாதி இருக்கும்போதே மூடத் தொடங்கும்படி அமையுங்கள். தொடக்க வரிசையில் நாஸ் முதலில், ரவுட்டர் இரண்டாவது, விண்டோஸ் கடைசி. மூடும்போது புராக்ஸ்மாக்ஸ் இதைத் தலைகீழாகச் செய்யும், டிஸ்குகள் கடைசியாகத்தான் நிற்கும். மின்சாரம் திரும்பி வரும்போது ஒரே தடவையில் வந்து நிற்பதில்லை, இரண்டு மூன்று முறை வந்துவந்து போகும். அதனால் ஹோஸ்ட் எழுந்த பிறகு விஎம்கள் தொடங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தை, புராக்ஸ்மாக்ஸின் நோட் (இந்த ஹோஸ்ட் கணினி) அமைப்புகளில், அதிகபட்சமான 300 நொடியில் வைத்துவிடுங்கள்.